ஹஸுமியை எழுப்பலாமா?

“செத்தவளுக்கு இன்னிக்கு முப்பத்து மூணாவது திவசம். இப்பப் போயி, எழுப்புங்கன்னு எழுதிக் குடுக்கறதா?” என்றாள் உப்பு.

“எழுப்பறது நாம இல்லம்மா. குனிமத்சு சார்” என்றார் கொதிகலன்.

பௌத்தக் கோயிலின் பக்கத்து அறை. தாழ்ந்த மேசையைச் சுற்றி மூன்று பேர். மார்ச் மாதம், வெளியே மகரந்தம் பறந்தது. மூவரும் ஒவ்வாமைக்காகப் போட்டிருந்த முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுத் தேநீர் குடித்தார்கள்.

ஹஸுமி, ‘விண்கோட்டை அராகனே’ என்ற கார்ட்டூன் தொடரில் வந்த விமானி. தொலைக்காட்சியில் அவள் இறந்த வாரம், ரசிகர்கள் எழுநூறு பேர் இங்கே கூடி, பிக்குவை வைத்து நிஜமாகவே இறுதிச் சடங்கு செய்தார்கள். பிறகு நினைவுநாள்கள். எழுநூறு பேர் மூவராகிவிட்டார்கள். உப்பு வரத் தொடங்கிப் பதினோரு வருடம்.

இணையத்தில் வைத்துக்கொண்ட பெயர்களால்தான் ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டார்கள். சொந்தப் பெயரைக் கேட்பது இங்கே வழக்கமில்லை.

இன்று அதைக் கேட்டிருந்தவர் குனிமத்சு. தொடரை எழுதியவர், வயது எண்பத்தொன்று. தொடரைத் தயாரித்த நிறுவனம் அவரை மறுபடி எழுதக் கூப்பிட்டிருந்தது. அவருடைய கடிதம் மேசைமேல் கிடந்தது.

‘ஹஸுமியை உயிரோடு கொண்டுவர நினைக்கிறேன். அவளை வழியனுப்பியவர்கள் நீங்கள். உங்களில் ஒருவர் மறுத்தாலும் எழுத மாட்டேன். சொந்தப் பெயர் எழுதி, முத்திரை வைத்து, இன்று மாலைக்குள் பதில் அனுப்புங்கள்.’

கொதிகலன் பதிலைத் தயாராக எழுதி வந்திருந்தார். இரண்டே வரி. ‘நீங்கள் எழுதச் சம்மதம். ஹஸுமிக்குப் பழைய குரலே வேண்டும்.’ அதன்கீழ் அவருடையதும் திருகாணியுடையதுமாக இரண்டு பெயர்கள், கையெழுத்துக்குப் பதிலாக இரண்டு சிவப்பு முத்திரைகள்.

திருகாணி தாளைத் திருப்பிப் பார்த்தான். “சாய்கி நொபுஹிகோ. அண்ணே, இவ்ளோ சாதுவான பேரை வெச்சுக்கிட்டா இந்தக் கத்து கத்துறீங்க?”

“தாளை வைடா.”

“குனிமத்சு சார் கடைசியா எழுதின மூணு தொடரும் எப்படி இருந்துச்சு, சொல்லுங்க” என்றாள் உப்பு.

“குப்பை” என்றான் திருகாணி.

“அப்புறம் ஏன் முத்திரை வெச்சீங்க?”

“குப்பையா இருந்தாலும் நம்ம வீட்டுக் குப்பை.”

“அவ நல்லபடியா செத்தா. அதைக் கெடுக்க வேணாம்.”

“நல்லபடியாவா?” கொதிகலன் குரல் உயர்ந்தது. “அவ விமானத்தோட பொம்மை விக்கல. பொம்மைக் கம்பெனிக்காரன் சொன்னான், கொன்னாங்க. குனிமத்சு சாரே பேட்டியில சொல்லியிருக்காரு.”

“அதுக்காக? எண்பத்தோரு வயசுல கை நடுங்கும். பாதியில விட்டுட்டாருன்னா?”

“விடட்டும். பாதி கிடைச்சா பாதி.”

உப்பு இருமினாள். திருகாணி ஒரு தொண்டை மிட்டாயை அவள் பக்கம் தள்ளினான். “எங்களுக்கு மார்ச்சுலதான் மகரந்தம். அக்காவுக்கு வருஷம் பூரா இந்தக் கரகரப்பு.”

“நான் முத்திரை வைக்கலைன்னா?” என்று கேட்டாள்.

“அவர் எழுத மாட்டாரு. அவ்வளவுதான்.” கொதிகலன் மேசையைப் பார்த்தபடி சொன்னார். “உனக்கு அவளைப் பிடிக்கலையா? சும்மா கேக்கறேன். எல்லாரும் சேர்ந்து அவளோட கடைசி வசனத்தைச் சொல்றப்பகூட நீ வாயைத் திறக்க மாட்டே.”

உப்பு மிட்டாயின் உறையைப் பிரித்தாள்.

“எனக்கு ஐம்பத்தெட்டு” என்றார் கொதிகலன். “பொண்டாட்டி இல்ல, புள்ள இல்ல. தினமும் கார்ல வேலைக்குப் போறப்ப அவ பேசறதைப் போட்டுப்பேன். மொத்தம் நானூத்திப் பன்னெண்டு வாக்கியம். எது எப்ப வரும்னு மூச்சோட சேர்த்துத் தெரியும். புதுசா ஒண்ணே ஒண்ணு அவ பேசிக் கேக்கணும். ‘கதவைச் சாத்து’ன்னாலும் போதும்.”

திருகாணி அரிசி உருண்டையைக் கடிக்காமல் தட்டில் வைத்தான்.

உப்பு தாளைத் தன் பக்கம் இழுத்தாள். “ரெண்டாவது வரியை அடிச்சுடுங்க. முத்திரை வைக்கறேன்.”

“எது? குரலா?” கொதிகலன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அந்தக் குரல் இல்லாம ஹஸுமி ஏது?”

“யாராவது சின்னப் பொண்ணு பேசட்டும்.”

“அக்கா, இது அநியாயம்” என்றான் திருகாணி. “அந்தக் குரலை ஒருத்தி காப்பியடிக்க முடியுமா?”

“காப்பி எதுக்கு? அவ பாட்டுக்குப் பேசுவா. அவ பேசினாப் போதும்னு இப்பத்தானே சொன்னீங்க?”

“நான் சொன்னது…”

“பழைய குரல்தான் வேணும்னு நீங்க எழுதினா, அது கிடைக்கற வரைக்கும் அந்தப் பெரியவர் உக்காந்திருப்பார். அவருக்கு எண்பத்தொண்ணு.”

“கேட்டா, குரல் குடுத்த அந்தம்மா வர மாட்டாங்களா என்ன?”

“அடிங்க. இல்லைன்னா நான் கிளம்பறேன்.”

மணி நாலரை. ஐந்துக்குத் தபால் எடுக்க ஆள் வந்துவிடுவார். கொதிகலன் பேனாவைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்து, இரண்டாவது வரியின் மேல் அளவுகோல் வைத்துக் கோடு போட்டார்.

“உன்னைப் போல கல்நெஞ்சக்காரியை நான் பார்த்ததில்ல” என்றார்.

அடித்த இடத்தில் மூவரும் முத்திரை வைக்க வேண்டும். கொதிகலன் வைத்தார். திருகாணி வைத்தான். உப்பு தன் பையிலிருந்து முத்திரையை எடுத்து அங்கே அழுத்தினாள். பிறகு தாளின் அடியில் நிதானமாகத் தன் பெயரை எழுதி, பக்கத்தில் இன்னொரு முறை அழுத்தினாள்.

கிண்டல் செய்வதற்காகத் திருகாணி எட்டிப் பார்த்தான். பார்த்தவன் கொதிகலனின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான்.

ஹனியுதா கயோ. ‘விண்கோட்டை அராகனே’ ஒவ்வொரு வாரமும் முடிந்ததும் திரையில் ஏறும் பட்டியலில் ஐந்தாவது பெயர்: ஹஸுமிக்குக் குரல் கொடுத்தவர்.