மூன்றாவது படத்துக்கு முன் ஊதுவத்தி

திருவொற்றியூரில் காலை ஏழு மணி. பிள்ளையாருக்கும் முருகனுக்கும் ஊதுவத்தியை மூன்று சுற்றுச் சுற்றி, கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட மளிகைக்கடை ஜெயக்கொடி அண்ணாச்சி, நேற்று ஊழல் வழக்கில் சிறைக்குப் போன தலைவரின் படத்துக்கு முன் அப்படியே நிற்கிறார். கடலில் அலை ஓய்ந்து, காட்டுப்பள்ளித் துறைமுகக் கப்பல்களெல்லாம் எட்டிப் பார்ப்பதாக நான் சத்தியமே செய்வேன்.

"இன்னா அண்ணாச்சி, கை நின்னுகினு கீது?" பால் வாங்க வந்த அஞ்சலாட்சி கேட்கிறாள்.

"வெள்ளத்துல எம் பொண்ணத் தோள்ல தூக்கிட்டு வந்தவரும்மா."

"யாரு இல்லேன்னாங்க? எங்களுக்கு வூடு கட்ட வந்த துட்டத் துன்னதும் அவுருதான். பத்து வருசமா தகரக் கொட்டாயில கீறோம்."

புகை தலைவரின் சிரிப்பை மறைத்து விலகுகிறது. அண்ணாச்சி மெதுவாக மூன்று சுற்றும் சுற்றுகிறார். கையை மட்டும் கண்ணில் ஒற்றாமல், வேட்டியில் துடைத்துக்கொள்கிறார்.