அப்பன் பக்கம்

சொன்ன பொய்க்கு டி.சி.யும் கேட்டு வாங்க வேண்டிய நிலைமை வந்துவிட்டது குப்பண்ணனுக்கு.

நேற்றுச் சாயங்காலம்தான் மகளிடம் சொன்னார். கொழிஞ்சாம்பாறை ஹைஸ்கூலில் இடத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறது, இந்தப் பள்ளிக்கூடம் போதும், காலையில் போய் டி.சி. வாங்கிவிடலாம் என்று.

விஷயம் அதுவல்ல. வருகிற வெள்ளிக்கிழமை பொள்ளாச்சிப் பக்கத்திலிருக்கும் தன் அக்காள் பெரியம்மாளின் மகனுக்கு இந்தக் கமலாத்தாளைக் கல்யாணத்துக்கு உறுதி செய்வதாக வாக்குக் கொடுத்தாகிவிட்டது. பெண்ணுக்குப் பதினைந்து நடக்கிறது. வாக்கு மாறினால் அப்புறம் அக்காள் ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது.

இதை மகளிடம் நேராகச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எல்லாம் இந்தப் பள்ளிக்கூடத்தால் வந்த வினை. இங்கே சேர்ந்ததிலிருந்து எதற்கெடுத்தாலும் 'எதுக்குங்க' என்கிறாள். பசுவுக்குப் பேர் வைத்தவர் எருமைக்கு வைக்காதது எதற்கு என்பதற்குக்கூட அவர் பதில் தேட வேண்டியிருந்தது.

ஆனால் ஹைஸ்கூல் விஷயத்தில் மட்டும் ஒரு கேள்வியும் இல்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். காலையில் வண்டியில் வரும்போதும் வழிநெடுக ஏதோ பாட்டு. தப்பித்தோம் என்று இருந்தது குப்பண்ணனுக்கு.

எல்லையோரம் மலையாளப் பக்கத்து எருத்தேன்பதியில் ஒரு பழைய கடலைக் கிடங்கில் எழுபத்திரண்டில் ஆரம்பித்த பள்ளிக்கூடம் அது. பதினெட்டுப் பிள்ளைகள், எல்லோரும் பன்னிரண்டைத் தாண்டியவர்கள். மணி அடிப்பது கிடையாது. அன்றைக்கு என்ன படிப்பது என்று காலையில் பிள்ளைகளே கூடிப் பேசி முடிவு செய்வார்கள்.

இப்போது நான்கு பேர் கிணற்று மோட்டாரை அக்கு அக்காகப் பிரித்துப் போட்டிருந்தார்கள். இரண்டு பெண்கள் இன்றைக்குச் சோறாக்குவது யார் முறை என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் வேப்பங்கிளையில் படுத்துக்கொண்டு புத்தகம் படித்தான். ஒருத்தரும் அடி வாங்கவில்லை. இதெல்லாம் ஒரு பள்ளிக்கூடமா என்று மூன்று வருஷமாகக் கேட்கிறார் குப்பண்ணன். மழை பெய்தாலும் மகளை வண்டி கட்டிக் கொண்டுவந்து விடுகிறவரும் அவர்தான்.

நடத்துகிறவர் சேஷம்மாள் டீச்சர். கல்பாத்திக்காரர், சர்க்கார் பள்ளிக்கூட வேலையை உதறிவிட்டு வந்தவர். டி.சி. என்றதும் ஒரு வெள்ளைத்தாளை நடுவில் மடித்துக் கமலாத்தாளிடம் கொடுத்தார்.

"இங்கே குட்டிகளோட டி.சி.யைக் குட்டிகளேதான் எழுதுவா. ஒரு பாதி குட்டிக்கு, ஒரு பாதி அப்பாவுக்கு. அவாவாளைப் பத்தி அவாவாளே சொல்லணும்."

சொல்லிவிட்டு மோட்டார் பக்கம் போய்விட்டார். பிள்ளைக்கு மட்டும் மார்க் போட்டால் போதுமா என்று பிள்ளைகள் கூட்டத்தில் யாரோ ஒரு நாள் கேட்டார்களாம். அன்றைக்கு எல்லோரும் கைதூக்கிப் போட்ட சட்டமாம் இது.

கமலாத்தாள் சாக்கு அடுக்கின் மேல் ஏறி உட்கார்ந்து கடகடவென்று எழுதினாள். பிறகு வாசித்துக் காட்டினாள்.

என்ன வரும்: மோட்டார் ரிப்பேர், நீச்சல், பஞ்சாயத்துக்கு மலையாளத்தில் மனு எழுதுவது. என்ன வராது: வகுத்தல், வாயை மூடிக்கொண்டிருப்பது. யாரோடு சண்டை: எல்லோரோடும், இப்போதைக்குச் சமாதானம்.

குப்பண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். எந்த வாத்தியார் எழுதினாலும் இத்தனை சரியாக இருக்காது.

"அப்பா, இனி உங்க பக்கமுங்க. நீங்க சொல்லுங்க, நா எழுதறேன்."

அவரைப் பற்றி அவரிடமே யாரும் இதுவரை கேட்டதில்லை. கூச்சமாக இருந்தது, கொஞ்சம் குஷியாகவும் இருந்தது. என்ன வரும் என்பதற்கு ஏர் ஓட்டுவது, கிணறு வெட்டுவது, பல்லைப் பார்த்து மாட்டுக்கு வயசு சொல்வது என்று வந்துகொண்டே இருந்தது. என்ன வராது என்பதற்கு மலையாளம் என்றார். யாரோடு சண்டை என்றதற்கு, அக்காளோடு போட ஆசைதான், பயமாக இருக்கிறது என்றார். அவள் அதையும் விடாமல் எழுதினாள்.

போகும் காரணம் என்ன என்று கேட்டாள்.

ஹைஸ்கூல் என்று போட்டுக்கொள்ளச் சொன்னார்.

அவள் எழுதிவிட்டு, கையெழுத்துப் போடத் தாளை நீட்டினாள்.

குப்பண்ணன் இரண்டாம் வகுப்போடு நின்றவர். பேரை எழுதுவார், மற்றதை எழுத்துக்கூட்டிப் படிப்பார். கையெழுத்துக்கு இடம் தேடியபோது, மகளின் பாதியில் அவள் வாசிக்காமல் விட்ட வரிகள் கண்ணில் பட்டன. விரலை வைத்துக் கூட்டினார்.

'போகும் காரணம்: அத்தை மகனோடு கல்யாணம், பேசியது காதில் விழுந்தது. அப்பா ஹைஸ்கூல் என்று சொன்னார். என்னைப் பார்க்காமல் மாட்டைப் பார்த்துச் சொன்னார். எதற்கு என்று நான் கேட்டால் அழுதுவிடுவார். அதனால் கேட்கவில்லை.'

மறுபடி முதலிலிருந்து கூட்டினார். அதற்குள் எழுத்தெல்லாம் கலங்கிவிட்டது. மகள் சாக்கு மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் போதவில்லை, ஆனாலும் பார்த்தார்.

"அம்மிணி, நீ இங்கயே இரு. நா போயி உங்கத்தைகிட்ட ஒரு வார்த்த சொல்லிப்போட்டு வந்தர்றேன்."

கையெழுத்துப் போடாத தாளை மடியில் செருகிக்கொண்டு வண்டியைப் பூட்டினார்.

எல்லைச் செக்போஸ்ட் தாண்டும் வரை, கல்யாணம் வேண்டாம் என்பதற்கு அக்காளிடம் என்ன சொல்வது என்றுதான் யோசனை. ஜாதகம் பொருந்தவில்லை என்றார். குலதெய்வம் உத்தரவு கொடுக்கவில்லை என்றார். தனக்கே உடம்பு சரியில்லை என்றார். ஒவ்வொன்றையும் மாடுகளிடம் உரக்கச் சொல்லிப் பார்த்தார். ஒன்றுகூட நம்புகிற மாதிரி வரவில்லை.