இளைய ராணிக்கு ஒரு நெட்டி

உப்பளத்து வேலை முடிந்ததும் பெண்கள் எல்லோரும் எசக்கியம்மாள் வீட்டு டிவி முன்னால் கூடிவிடுவார்கள். அரண்மனைத் தொடரில் இளைய ராணி தலைகாட்டினாலே வசவு தொடங்கும்.

"அடுத்தவ தாலியில பங்கு கேட்டு வந்த மூதி. இவளுக்குப் பட்டு ஒரு கேடு," என்றாள் எசக்கியம்மாள். எல்லோரும் வாசலோரம் பார்த்துச் சிரித்தார்கள். சுடலைமுத்துவுக்கு இரண்டாந்தாரமாக வந்த நாளிலிருந்து பூரணவல்லிக்கு அங்கேதான் இடம். ராணிக்கு விழும் வசவையெல்லாம் இதுவரை அவளும் சேர்ந்தே விழுங்கியிருந்தாள்.

"ராசாதானக்கா குதிரையேறிப் போயி அவளக் கூட்டியாந்தாரு. அவர ஒரு வார்த்தை கேட்டியளா?" என்றாள் இன்று.

"ஆம்பளைன்னா அப்படித்தான். ஒனக்கு ஏன்ட்டி ரோசம் பொத்துக்கிட்டு வருது?"

பூரணவல்லி எழுந்தாள். யாரும் காலை மடக்கி வழிவிடவில்லை. தாண்டிக்கொண்டே முன்னால் போனாள். திரை நிறைய நின்ற ராணியின் முகத்தை, உப்பு அரித்த இரண்டு கைகளாலும் நெற்றியிலிருந்து தாடைவரை வழித்தெடுத்தாள். விரல்களைத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினாள். பத்தும் சடசடவென்று நெட்டி முறிந்தன.

"ஊர்க் கண்ணெல்லாம் ஒம்மேலதான் கெடக்கு, தாயி," என்றாள் ராணியிடம்.

பிறகு வாசலோரத்துக்குத் திரும்பாமல் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பின்னால் இருப்பவர்கள் இனி அவள் தலையைத் தாண்டித்தான் கதை பார்க்க வேண்டும்.