பட்டினிப் பரீட்சை

“பத்து நாளாச்சு, ஒண்ணுகூடச் சாகலையே!” ஊரிலிருந்து திரும்பிய விஞ்ஞானி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

கூண்டில் இருந்தவை, களைச்செடியைத் தின்று அழிப்பதற்காக வரவழைத்த வண்டுகள். பயிரைத் தொடாது என்று நிரூபித்தால்தான் வெளியே விட அனுமதி கிடைக்கும். அதனால் கத்தரிச் செடியோடு அடைத்துவிட்டுப் போயிருந்தாள். பட்டினியில் செத்தால் வெற்றி. முப்பதும் கொழுகொழுவென்று ஊர்ந்துகொண்டிருந்தன.

“கத்தரியைத் தின்னுதுங்க. ஆறு வருஷ உழைப்பு போச்சு!” திட்டத்தைக் கைவிடுவதாகக் கடிதம் எழுத ஆரம்பித்தாள்.

அறையைப் பெருக்கிக்கொண்டிருந்த அக்கா தயங்கித் தயங்கி வந்தாள்.

“திட்டாதீங்க மேடம். கத்தரி இலையை அதுங்க மோந்துகூடப் பாக்கலை. வாயில்லா ஜீவனாச்சே, மனசு கேக்கலை. நான்தான் தினமும் நாலு களை இலை பறிச்சுப் போட்டேன்.”

விஞ்ஞானி கடிதத்தைக் கிழித்தாள்.

“அக்கா, இன்னொரு தடவை சொல்லுங்க... மோந்துகூடப் பாக்கலையா?”