சனமில்லாத கரை

"மன்னாரிலை சனம் கோயிலுக்கை தஞ்சமெண்டு கிடக்குது. இவ கரீபியன் தீவிலை கடல் குளிக்கப் போயிருக்கிறா," என்றார் ஜேசுரட்ணம்.

ஹம்பேர்க் ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் லவினியாவின் பயணச்சீட்டுக் கடை. 2006ஆம் ஆண்டு நவம்பர். ஊரில் சண்டை திரும்பவும் தொடங்கியிருந்தது. இடம்பெயர்ந்தவர்களுக்கென்று தேவாலயப் பங்கில் சேர்த்த உடுப்புகளை ஜேசுரட்ணம் அந்தக் கடை மூலையில்தான் மூட்டை கட்டுவார். கட்டும்போது யாரையாவது பற்றிப் பேசுவார்.

இன்றைக்கு மக்டலீன் அக்கா.

லவினியா மறுத்துப் பேசவில்லை. டிக்கெட் போட்டுக் கொடுத்தது அவள்தான். ஆனாலும் உள்ளூர அவளுக்கும் எரிச்சல் இருந்தது.

மக்டலீன் அக்காவுக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. ஒருநாள் வேலை உடுப்போடு வந்து உட்கார்ந்து, சூடான கடல் உள்ள இடமாகப் பார்க்கச் சொன்னார். வள்ளத்தில் ஏறமாட்டாராம், கரையிலிருந்து நடந்தே இறங்க வேண்டுமாம். கண்ணாடியும் மூச்சு விடுகிற குழாயும் மாட்டிக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தால் அடி தெரிய வேண்டுமாம். முக்கியமாக, அங்கே சனம் இருக்கக் கூடாது.

லவினியா மயோர்கா என்றாள், எகிப்து என்றாள். ஹோட்டல் கடற்கரை என்றதும் அக்கா வேண்டாமென்று தலையை ஆட்டினார். கடைசியில், கடலில் மூழ்கிப் பார்க்கும் ஜெர்மன் சுழியோடிகள் இணையத்தில் எழுதியிருந்ததைப் படித்துத்தான் குராசாவ் தீவைக் கண்டுபிடித்தாள். கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனாலே பவளப்பாறை என்று எழுதியிருந்தார்கள்.

ஜேசுரட்ணம் முடிச்சை இறுக்கினார். "அகதிப் பாஸ்போட்டிலை ஊருக்கு மட்டும்தான் போக ஏலாது. உல்லாசத்துக்கு உலகம் முழுக்கப் போகலாம், என்ன? போன வருசம் பங்குச் சுற்றுலாவிலை எல்லாரும் எல்பே ஆத்திலை படகிலை போக, இவ மட்டும் கரையிலை நிண்டவ. தண்ணியைப் பாத்தாத் தலை சுத்துதாம். புருசன் அம்புறோஸ் வாயே திறக்கமாட்டான். மனுசி சொன்னாச் சரி."

அது உண்மைதான். தலை சுற்றுகிற அதே அக்கா பிறகு நகரசபை நீச்சல் குளத்துக்குப் போய், பெண்களுக்கான நேரத்தில் மிதக்கப் பழகினார். முகத்தைத் தண்ணீரில் வைக்கவே கோடை முழுக்கப் போய்விட்டது.

தீவுக்குப் போன பிறகும் அக்கா லவினியாவை விடவில்லை. அங்கே அவருக்குப் பேசத் தெரிந்த பாஷை யாருக்கும் தெரியாது. அட்டை வாங்கி வாங்கித் தொலைபேசியில் கூப்பிட்டார். முதல் கடற்கரையில் கப்பலில் வந்த கூட்டம். கப்பல் வராத நாளாகப் பார்த்துப் போகச் சொன்னாள். போனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள். மணல் கரையை விட்டுக் கல்லுக் கரையாகப் பார்க்கச் சொன்னாள். குடும்பங்கள் அங்கே வராது, காலில் முள் குத்தாமல் ரப்பர் சப்பாத்துப் போட்டால் போதும் என்றாள். அங்கேயும் இரண்டு குழந்தைகள் நின்றார்களாம். அக்கா இறங்காமலே திரும்பிவிட்டார்.

"ரெண்டு குழந்தையள் உங்களை என்ன செய்யுதுகள் அக்கா?" நேற்று லவினியா கேட்டே விட்டாள்.

அக்கா பேச்சை மாற்றினார்.

"நாளையிண்டைக்கு வெளிக்கிடுறம் பிள்ளை. இப்ப இறங்காமல் வந்தா, பிறகு எனக்குத் துணிவு வராது. இன்னும் ஒரு இடம் பாத்துச் சொல்லு."

லவினியா தேடிச் சொன்னாள். பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு குடா. பாதை மோசம். கார் பாதி வழிதான் போகும், மீதி நடக்க வேண்டும்.

தொலைபேசி அடித்தது. லவினியா இலக்கத்தைப் பார்த்தாள்.

"மகாராணியோ?" ஜேசுரட்ணம் சிரித்தார். "ஸ்பீக்கரிலை போடு தங்கச்சி. நாங்களும் கொஞ்சம் கடல் காத்து வாங்குவம்."

லவினியாவுக்கும் சிரிப்பு வந்தது. பொத்தானை அழுத்தினாள்.

"சொல்லுங்கோ அக்கா. சனமில்லாத கரை கிடைச்சுதோ?"

"ஓம் பிள்ளை. ஒருத்தருமில்லை. நான் இறங்கினன். இவர் கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர்."

"மீன் பாத்தீங்களோ?"

"பாத்தனான்." அக்கா மூச்சு வாங்குவது கேட்டது. "உன்னை நல்லா அலைக்கழிச்சுப்போட்டன். குறை நினையாதை. பிள்ளையள் தண்ணிக்கை நிண்டு தாயைக் கூப்பிடுற சத்தம் கேட்டா, என்னாலை தலையைத் தாழ்க்க ஏலாது."

லவினியா ஸ்பீக்கரை நிறுத்தக் கையை நீட்டினாள். விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றுவிட்டது.

"தொண்ணூறிலை ராமேஸ்வரத்துக்குப் போகேக்கை எங்கடை வள்ளம் கவிண்டது. கடைக்குட்டி என்ரை கையிலைதான் இருந்தவள். பிறகு அவளை எடுக்கேலாமல் போச்சு. அந்தக் கடலுக்கு எங்களைப் போக விடமாட்டினம். உங்கை ஜெர்மனியிலை கடல் கலங்கல். குனிஞ்சு பாத்தா ஒண்டும் தெரியாது."

ஜேசுரட்ணத்தின் கையிலிருந்த கயிறு தளர்ந்தது. மூட்டை மெல்லச் சரிந்தது.

"அவள் விளக்கில்லாமல் படுக்கமாட்டாள் பிள்ளை. இவ்வளவு காலமும் அவள் இருட்டுக்கை கிடந்து பயப்பிடுறாள் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தன். கடலுக்கடியிலை எப்பிடி இருக்கும் எண்டு ஒருக்காப் பாக்க வேணும்போலை இருந்தது."

அக்காவின் குரலில் அழுகை இல்லை.

"இருட்டே இல்லை. அடிவரைக்கும் நல்ல வெளிச்சம்."