கணேசமூர்த்தியின் பெரிய குடும்பம்

1957இல் நாடு சுதந்திரமடைந்து ஐந்து வருடமாகியும் கணேசமூர்த்திக்கு ஓர் அறை கிடைக்கவில்லை. காஜா பெராங் வட்டாரத்தில் மிச்சமிருந்தது நாகம்மை ஆச்சியின் வீடு மட்டும்தான்.

“தனி ஆளுக்குத் தரமாட்டேன் தம்பி. குடும்பம் இருக்கா?”

“எண்ணி மாளாது, ஆச்சி.”

“சண்டை போடுவாங்களா?”

“சும்மா இருந்தா ஆளுக்கொரு பக்கம் ஓடுவாங்க. வெளிச்சம் பட்டா வரிசைக்கு வந்துடுவாங்க. வரிசை கூடினா வெளிச்சமும் கூடும்லா.”

“கூப்பிடு, பார்க்கலாம்.”

அவன் பையிலிருந்து கண்ணாடிக் குழாய் ஒன்றை எடுத்து அதன் வயரைக் கரண்டில் செருகினான். சுவர்வரை சிவப்புக் கோடாக ஒளி நீண்டது.

“லேசர், ஆச்சி. உள்ளே இருக்கிறதெல்லாம் வாயு அணுக்கள்.”

ஆச்சி நெடுநேரம் பார்த்தார்.

“எல்லாரும் சைவமா?”

“எதுவுமே சாப்பிடமாட்டாங்க.”

“இவ்வளவு ஒற்றுமையா! என் ரெண்டு மருமகளும் சாம்பார் உப்புக்கே ஒத்துப்போறதில்ல. தாராளமா இருக்கட்டும்.”

ஆச்சி குழாயைப் பக்குவமாக வாங்கி உள்ளே வைத்தார். கதவைச் சாத்தினார்.

“ஆச்சி, நான்?”

“உனக்குக் கல்யாணம் ஆகட்டும், பார்க்கலாம்!”