பத்தொன்பதாவது கேள்வி

மார்கழி பிறந்தால் கொழும்பு வெள்ளவத்தைக்கும் ஓர் அடக்கம் வந்துவிடும். வானம் திருநீறு பூசியதுபோல் வெளிறிக் கிடக்கும். காலி வீதியின் இரைச்சலையும் கடந்து கோயில் மணி தெளிவாகக் கேட்கும். கடற்கரை ரயில்கூடச் சற்றே தாழ்ந்த குரலில் ஊதிச் செல்வதாகத் தோன்றும். அத்தகையதொரு காலைப்பொழுதில், தனியார் மருத்துவமனை ஒன்றின் மாடியறையில், ஆரணி நீலப் படிவத்தை விரித்துவைத்துக் கேட்டாள்:

“போத்தில் மூடி திறக்கிறது. ஒப்பரேசனுக்குப் பிறகு உங்கட கை இதைச் செய்யவேணுமெண்டு எவ்வளவு எதிர்பார்க்கிறியள் அன்ரி? பூச்சியத்திலயிருந்து பத்துக்குள்ள சொல்லுங்கோ.”

“பூச்சியம் போடு பிள்ளை. இவர் திறப்பார்,” என்றார் சிவக்கொழுந்து, வாதத்தில் வீங்கிய வலது மணிக்கட்டை மடியில் ஏந்தியபடி.

“திறப்புப் போட்டுக் கதவு திறக்கிறது?”

“அதுக்கும் பூச்சியம். ரிட்டையரான நாளிலயிருந்து வீட்டுத் திறப்பு இவரின்ர பொக்கற்றிலதான்.”

“ரெனிஸ் மட்டை பிடிக்கிறது?”

சிவக்கொழுந்து வாய்விட்டுச் சிரித்தார். “ரெனிசோ! எனக்கோ! இந்தப் பேப்பரை எழுதின மனுசன் வீட்டில மனுசி என்ன செய்யிறாளெண்டு ஒருநாளும் திரும்பிப் பாக்கேல்லைப் போல.”

பக்கத்து நாற்காலியிலிருந்த கணவர் கனகசபாபதி இருமினார்.

அந்த மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரமே ஆகியிருந்த ஆரணிக்கு, பதினெட்டுக் கேள்விகளுக்கும் வரிசையாக விழுந்த பூச்சியங்களைப் பார்க்கக் கவலையாக இருந்தது.

“அன்ரி, எதுக்கு ஆகக்கூடின புள்ளியோ அதுக்கேத்த ஒப்பரேசனைத்தான் சேர்ஜன் செய்வார். இதைப் பாத்தாரெண்டால், கை மடங்கத் தேவையில்லையெண்டு நினைச்சுத் தகடு வைச்சு மூட்டைப் பூட்டிவிடுவார். நோவு முழுக்கப் போகும். ஆனா மணிக்கட்டு பிறகு மடங்கவே மடங்காது.”

சிவக்கொழுந்தின் சிரிப்பு நின்றது.

“ஐயோ, பூட்ட வேண்டாம் பிள்ளை. நோவு கொஞ்சம் இருந்தாலும் பரவாயில்லை, மடங்கத்தான் வேணும்.”

“எதுக்கு அன்ரி?”

அவர் இரு கைகளையும் நெஞ்சுக்கு நேரே உயர்த்தினார். விரல் நுனிகள் தொட்டுக்கொண்டன, உள்ளங்கைகள் சேரவில்லை. நடுவே ஓர் எலுமிச்சங்காய் அளவுக்கு வெளி.

“ரெண்டு வருசமா இப்பிடித்தான். பிள்ளையாருக்கு முன்னால நிண்டாலும் அரைக்கும்பிடு. பூட்டினால் அதுவும் போயிடும். இதுக்குப் பத்துப் போடு.”

கனகசபாபதி திடுக்கிட்டு மனைவியைப் பார்த்தார். “இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“நீங்கள் எப்பவாவது கேட்டனீங்களோ?”

ஆரணி படிவத்தை மேலும் கீழுமாகத் தேடினாள். போத்தில் இருந்தது, மட்டை இருந்தது, கார் ஸ்டியரிங்கூட இருந்தது. கும்பிடு இல்லை.

“நானாச் சேர்க்கேலாது அன்ரி. எழுதின டொக்டர் சேர்த்தால்தான் செல்லும்.”

“அவர் சேர்ப்பாரோ?”

“ஆரெண்டே தெரியாது. இருபது வருசத்துப் படிவம். பாருங்கோ, பேர்கூட இல்லை.”

படிவத்தின் அடியில், மையில் விழுந்தெழுந்த எறும்பொன்று நடந்து போனதுபோல ஒரு கையொப்பம் மட்டும் அச்சாகியிருந்தது.

“அந்தப் பேனையைத் தாரும் பிள்ளை,” என்றார் கனகசபாபதி.

அவள் மறுக்குமுன் படிவத்தைத் தம் பக்கம் இழுத்து, “19. கை கூப்புதல்” என்று எழுதினார், எதிரே பத்து என்று இட்டார், கீழே கையொப்பமும் வைத்தார்.

“அங்கிள், இது ஒபிஸ் ஃபோர்ம், நீங்கள் இப்பிடி...” என்று தொடங்கிய ஆரணி, பாதியிலேயே நிறுத்திவிட்டாள். அச்சில் நடந்த அதே எறும்பு, ஈரம் காயாத மையிலும் நடந்திருந்தது.

கோயில் மணி ஒலித்தது. சிவக்கொழுந்து கண்களை மூடி, கூடிய மட்டும் கைகளைக் கூப்பினார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார்.

“கும்பிடு பிள்ளையாருக்கு. உங்களுக்கு ஆசீர்வாதம் மட்டும்தான். ஊருக்கெல்லாம் என்ன வேணுமெண்டு கேக்க இந்தப் பேப்பரை எழுதின டொக்டர், இருபது வருசத்துக்குப் பிறகு வீட்டுக்காரியையும் கேட்டிட்டார். நல்லா இருங்கோ!”